உடும்பிடம் கேட்ட ஐந்து மதிப்பெண் கேள்வி

ஒரு காட்டில் ஓர் ஊடகவியல் துறை இருந்தது. சிங்கம் இருந்தது, நரி இருந்தது என்று தொடங்காமல் துறை இருந்தது என்று தொடங்குகிறானே என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். சிங்கமும் இருந்தது. ஆனால் நான் சொல்கிற கோடையில் அந்தக் காட்டு மிருகங்கள் சிங்கத்தைவிட அதிகமாகப் பயந்தது அந்தத் துறைக்குத்தான். சிங்கம் வாரத்துக்கு ஒருவரைத்தான் தொந்தரவு செய்யும். துறை தினமும் வருகைப்பதிவு எடுத்தது.

துறை வருவதற்கு முன்னாலும் காட்டில் செய்தி இருந்தது. பாறைக்குட்டைக் கரையில் பொன்னாத்தா என்ற ஆட்காட்டிக் குருவி குடியிருந்தாள். ஆட்காட்டியைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன்: பழுப்பு முதுகு, வெள்ளை வயிறு, நீண்ட மஞ்சள் கால், கண்ணுக்கு முன்னால் சிவப்பாக ஒரு சதைத் துண்டு. கண்ணில் எது அசைந்தாலும் ஆகாயத்தில் ஏறி, நாலு மலைக்குக் கேட்கிற மாதிரி கத்திவிடும். இதில் பொதுநலம் ஒன்றும் இல்லை. மரத்தில் கூடு கட்டும் வழக்கம் அதற்குக் கிடையாது. வெட்டவெளியில் கூழாங்கற்களுக்கு நடுவே ஒரு சின்னப் பள்ளம் பறித்து, நாலு முட்டை வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும். தரையில் முட்டை வைத்தவள் கண்ணைத் திறந்துதான் வைத்திருக்க வேண்டும். பொன்னாத்தா தன் முட்டைக்காகக் கத்தினாள், அந்தச் சத்தத்தில் காடும் பிழைத்துக்கொண்டது.

ஒரு நாள் காலை, தண்ணீர் குடிக்கவும் கூடவே ஒரு மானைப் பார்த்துவிட்டுப் போகவும் புலி குட்டைக்கு வந்தது. பொன்னாத்தா வழக்கம்போல, புலி வருது, புலி வருது என்று கத்தினாள். மான்கள் போய்விட்டன. புலி மூன்று நாள் பட்டினி கிடந்துவிட்டு நேராகச் சிங்கத்திடம் போய் முறையிட்டது. தான் வந்தது உண்மைதான், அதை மறுக்கவில்லை, ஆனால் அந்தச் செய்தி ஒருதலைப்பட்சமானது, தன் தரப்பு கேட்கப்படவே இல்லை என்றது. தன்னைப் பற்றி இந்தக் காட்டில் எவ்வளவு தப்பாகப் பேசுகிறார்கள் என்று சொல்லத் தொடங்கினால் ஒரு பொழுது போதாது என்று சொல்லி, அரைப் பொழுதுக்குச் சொல்லவும் செய்தது. சிங்கம் இரண்டு முறை கொட்டாவி விட்டது.

அந்த நேரத்தில்தான் மயில் குறுக்கே வந்தார். பெயர் முனைவர் மயூரநாதன். முனைவர் என்பது அவரே போட்டுக்கொண்டது. நகரத்து மிருகக்காட்சிச் சாலையில் இரண்டு வருடம் கூண்டில் இருந்துவிட்டுத் திரும்பியவர். அவர் கூண்டுக்கு எதிரே ஒரு சிமெண்டு பெஞ்சு இருந்தது. ஊடகவியல் படிக்கிற கல்லூரிப் பிள்ளைகள் பரீட்சைக்கு முந்தின வாரம் அதில் உட்கார்ந்து கலைச்சொற்களைச் சத்தமாக உருப்போடுவார்கள். கேட்டுக் கேட்டு மயிலுக்கு அறுபத்துநாலு சொல்லும் அவற்றின் விளக்கமும் மனப்பாடம் ஆகிவிட்டன. அந்தச் சொற்கள் எதற்கு என்பது மட்டும் தெரியாது. பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கும் அது தெரிந்த மாதிரி இல்லாததால் மயிலைத் தனியாகக் குறை சொல்வது நியாயமில்லை.

இது புலியின் கோளாறும் இல்லை, ஆட்காட்டியின் கோளாறும் இல்லை, இந்தக் காட்டில் ஒருவருக்கும் கலைச்சொல் தெரியாததுதான் கோளாறு என்றார் மயில். சிங்கத்துக்கு அது பிடித்துப்போனது. யாரையும் தண்டிக்காமல் எல்லாரையும் சிரமப்படுத்துகிற தீர்ப்பு ராஜாக்களுக்கு அடிக்கடி கிடைப்பதில்லை. அன்றைக்கே ஆணை வந்தது. ஊடகவியலில் இருபத்தெட்டு நாள் பட்டயப் படிப்பு. அதில் தேறிச் சான்றிதழ் வாங்கியவர்தான் இனிக் காட்டில் செய்தி சொல்லலாம். சான்றிதழ் இல்லாமல் கத்தினால் ஆயுளுக்கும் கத்தத் தடை. செய்தியைக் கேட்பவர்களும் தேர்வு எழுத வேண்டும், ஏனென்றால் விமரிசனம் இல்லாமல் கேட்பது ஆபத்து என்று மயில் சேர்த்துக்கொண்டார்.

பொன்னாத்தா அதற்கு முந்தின நாள்தான் நாலாவது முட்டை இட்டிருந்தாள். ஆட்காட்டி முட்டை பொரிய இருபத்தெட்டு நாள் ஆகும். அதாவது பரீட்சையும் குஞ்சும் ஒரே நாளில் வரும். குஞ்சு பொரித்த பிறகுதான் அவளுக்கு உண்மையான கஷ்டம். ஆட்காட்டிக் குஞ்சு ஈரம் காய்ந்ததும் தரையில் ஓடத் தொடங்கிவிடும், ஒரு மாதத்துக்குப் பறக்காது. அந்த ஒரு மாதமும் தாய் வாய் ஓயாமல் கத்தினால்தான் பிள்ளை தங்கும். வாயில்லாத ஆட்காட்டிக்குப் பிள்ளை இல்லை. ஆகவே அவள் சேர்ந்தே ஆக வேண்டும்.

"நீ போய்ப் படி புள்ள, நான் உக்காந்துக்கறேன்" என்றான் அவள் புருஷன் குழந்தைசாமி. அவன் அதிகம் பேசாதவன். காட்டில் அந்தப் படிப்புக்குப் போகாத ஒரே ஜீவன் அவன்தான். அதற்குக் காரணம் முட்டை.

விண்ணப்பம் கொடுக்க ஆலமரத்திலிருந்து குட்டை வரை வரிசை நின்றது. ஆமைதான் குமாஸ்தா. இரண்டு கால்தடம் ஒட்ட வேண்டும் என்றது விண்ணப்பம். கால்தடத்துக்கு வழியில்லாத சாரைப்பாம்புக்குத் தற்காலிகச் சேர்க்கை கிடைத்தது. ஏழாவது கேள்வியைப் பார்த்ததும் பொன்னாத்தாவுக்குத் தலை சுற்றியது. 'இதற்கு முன் உண்மையைச் சொன்ன அனுபவம் உண்டா? உண்டெனில், தக்க காரணம் காட்டுக' என்று இருந்தது. அவள் உண்டு என்று எழுதி, காரணத்துக்கு நேராக 'முட்டை' என்று எழுதினாள். ஆமை அதை மூன்று தரம் படித்துவிட்டு, முன் அனுபவம் இருப்பவர்களுக்குத் தேறுவது கொஞ்சம் கஷ்டம் என்று பரிவோடு சொன்னது.

வகுப்பில் அகரவரிசைப்படி உட்கார வேண்டும். ஆமை ஆபீசில் இருந்தது. ஆந்தை பகலில் வராது. இ, ஈ இரண்டிலும் யாரும் சேரவில்லை. அதனால் ஆட்காட்டிக்கு அடுத்த கல்லில் உடும்பு வந்து உட்கார்ந்தது.

உடும்பின் பெயர் நாச்சிமுத்து. போன கோடையில் பொன்னாத்தாவின் நாலு முட்டையில் மூன்றைத் தின்றவன் அவன்தான். அன்று அவள் கத்திய கத்தில் மான்கள் தரையை உதைத்துக்கொண்டு வந்தன, குரங்குகள் கொம்பை ஒடித்து எறிந்தன, ஒரு முட்டையாவது மிஞ்சியது. இப்போது அவன் இரட்டை நாக்கை வெளியே விட்டு உள்ளே இழுத்து, "என்ன பொன்னாத்தா, நல்லாயிருக்கியா?" என்று விசாரித்தான். பொன்னாத்தா தன் கல்லின் மறு ஓரத்துக்கு நகர்ந்தாள். எழுந்து வேறு கல்லுக்குப் போகவும் முடியாது, அகரவரிசை.

மயில் ஒரு சுற்றுலாப் பயணி விட்டுப்போன செல்ஃபிக் குச்சியை அலகில் கவ்விக்கொண்டு பாடத்தைத் தொடங்கினார். முதல் கேள்வி, ஊடகம் என்றால் என்ன? பொன்னாத்தா தெரிந்த கேள்விதானே என்று எழுந்து, "என்ற வாயிங்க, சார்" என்று தன் அலகைக் காட்டினாள். வகுப்பு சிரித்தது. நாச்சிமுத்து எழுந்து, செய்தி அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் நடுவில் நிற்பது ஊடகம் என்றான். மயில் அவனுக்கு ஒரு இறகு பரிசு கொடுத்தார். எனக்கும் என் முட்டைக்கும் நடுவில் நிற்பது நீதானே என்று பொன்னாத்தா நினைத்துக்கொண்டாள்.

நாச்சிமுத்து அபாரமான மாணவன். ஒரு கேள்வியைப் பிடித்தால் விடமாட்டான். இரண்டு மதிப்பெண் கேள்விக்கே நான்கு உதாரணம் சொல்வான். ஐந்து மதிப்பெண் கேள்வி என்றால் கண்ணை மூடிக்கொண்டு முன்னுரையிலிருந்து தொடங்குவான். நடுவில் நிறுத்தச் சொன்னால் முகம் வாடிப்போகும். நானும் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன், தனக்குத் தெரிந்ததை இன்னொருவர் கேட்டுக்கொள்கிறார் என்பதில் இவனுக்கு இருந்த சந்தோஷத்தை வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

வார்ப்புரு பற்றிய பாடத்தன்று அவன் காட்டையே அழவைத்துவிட்டான். ஓர் இனத்தில் ஒருவன் செய்ததை வைத்து, அந்த இனமே அப்படித்தான் என்று ஒரே அச்சில் வார்த்துக் காட்டுவது வார்ப்புரு என்று மயில் சொல்லி, உதாரணம் கேட்டார். நாச்சிமுத்து மெதுவாக எழுந்தான். இந்தக் காட்டில் உடும்பு என்றாலே முட்டைத்திருடன் என்கிறார்கள், தன் பிள்ளைகள் அதைக் கேட்டுத்தான் வளர்கிறார்கள் என்றான். புள்ளிமான் தேம்பியது. பொன்னாத்தா எழுந்து, போன கோடையில் மூன்று முட்டை போனதைச் சொன்னாள். அந்த மூன்றுக்கும் அவள் பெயர்கூட யோசித்து வைத்திருந்தாள். தனிப்பட்ட அனுபவம் தரவு ஆகாது அம்மா, உட்காருங்கள் என்றார் மயில். மறுநாள் துறையிலிருந்து சுற்றறிக்கை வந்தது. முட்டைத்திருடன் என்ற சொல்லுக்குப் பதிலாக இனி 'முட்டையில் ஆர்வமுள்ளவர்' என்று சொல்ல வேண்டும்.

அடுத்த வாரம் செய்தி மதிப்பு. எந்தச் செய்தி பெரியது, எது சின்னது என்று எடைபோடுவது. நாலு ஆட்காட்டி முட்டைக்கு என்ன மதிப்பு என்று பொன்னாத்தா கேட்டாள். மயில் மணலில் கோடு போட்டுக் கணக்குப் பார்த்து, ஒன்றும் இல்லை என்றார். சிங்கத்தின் முட்டையாக இருந்தால் வேறு விஷயம் என்றார். சிங்கம் முட்டை போடாதே என்று யாரும் சொல்லவில்லை, அவரவர்க்கு அகமதிப்பீட்டு மதிப்பெண் பயம்.

எந்தச் செய்தியை உள்ளே விடலாம் என்று தீர்மானிக்கும் வாயிற்காப்போன் வேலைக்கு முள்ளம்பன்றியைப் போட்டு ஒரு நாள் செய்முறைப் பயிற்சி நடந்தது. காட்டின் நாலா பக்கத்திலிருந்தும் அன்று முப்பது செய்திகள் வந்தன. முள்ளம்பன்றி ஆராய்ந்து ஆராய்ந்து, மாலையில் ஒன்றை மட்டும் வெளியே விட்டது. மயில் இன்று தோகை விரித்தார் என்பதே அந்தச் செய்தி.

வீட்டுக்கு வந்தால் குழந்தைசாமி, வெயிலில் வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

"இன்னைக்கு என்ன புள்ள படிச்ச?"

"சட்டகமுங்க மாமா."

"அதுல முட்டை வெக்கலாமா?"

பொன்னாத்தா விளக்கினாள். ஒரு விஷயத்தைச் சொல்லும்போது அதைச் சுற்றி நாமே ஒரு சட்டம் போட்டுக்கொள்கிறோம், அதற்குள் இருப்பதுதான் பார்ப்பவர் கண்ணில் படும், வெளியே இருப்பது இல்லாத மாதிரிதான். குழந்தைசாமி, நம்ம முட்டை உள்ளே இருக்கா வெளியே இருக்கா என்று கேட்டான். அன்று அவள் சாப்பிடவில்லை.

ஆனாலும் படித்தாள். முட்டைமேல் உட்கார்ந்துகொண்டு அறுபத்துநாலு சொல்லையும் உருப்போட்டாள். புரிந்ததோ இல்லையோ, வாய்க்குப் பழகிவிட்டது. இருபத்தாறாம் நாள் ஓணான் ஒன்று பள்ளத்துப் பக்கம் வந்தபோது அவள் வாயில் கத்தல் வரவில்லை, 'ஊர்வனப் பின்புலம் கொண்ட ஒருவர்' என்று வந்தது. அவளுக்கே பகீரென்றது.

இருபத்தெட்டாம் நாள் விடிந்தபோது நாலு முட்டையிலும் மெல்லிய விரிசல் விட்டிருந்தது. உள்ளேயிருந்து டிக் டிக் என்று அலகு தட்டும் சத்தம் கேட்டது. பொன்னாத்தாவுக்குக் கால் நகரவில்லை. குழந்தைசாமிதான் அவளை விரட்டினான். இன்று எழுதாவிட்டால் நாளைக்குக் குஞ்சு ஓடும்போது உன் வாய்க்குப் பூட்டுதான், போ என்றான்.

குட்டைக்கு மேலே இருக்கும் பெரும்பாறைதான் தேர்வுக்கூடம். ஆளுக்கு ஒரு தேக்கிலை. பத்துக் கேள்விகள். வெயில் ஏற ஏறப் பாறை சுட்டது. நாச்சிமுத்து எட்டு இலை கூடுதலாக வாங்கி எழுதிவிட்டு, முதல் ஆளாகக் கொடுத்துவிட்டு, பசிக்கிறது என்று சொல்லிக் கீழே இறங்கினான்.

பொன்னாத்தா எட்டாவது கேள்வியை அப்போதுதான் முடித்திருந்தாள். தலையைத் தூக்கிப் பார்த்தாள். கீழே பள்ளத்தில் குழந்தைசாமி இல்லை. உச்சி வெயிலில் முட்டை வெந்துவிடாமல் இருக்க, ஆட்காட்டிகள் குட்டைக்குப் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காரும். அதற்காகத்தான் அவன் போயிருந்தான். நாலு முட்டையும் காவலின்றிக் கிடந்தன. கூழாங்கற்களுக்கு நடுவே நாச்சிமுத்து அவசரமில்லாமல் அவற்றை நோக்கி நடந்துகொண்டிருந்தான், நாக்கு வெளியே போய் வந்துகொண்டிருந்தது.

சான்றிதழ் இன்னும் கையில் இல்லை. கத்தினால் ஆயுளுக்கும் தடை. ஒரு நொடிதான் யோசித்தாள். வாயைத் திறந்தாள். முதலில் வந்தது, "முட்டையில் ஆர்வமுள்ளவர் எனக் கூறப்படும் ஒருவர்" என்பதுதான். தன்மேலேயே ஆத்திரம் வந்து, இறக்கையை விரித்து மேலே ஏறி, பழைய குரலில், "உடும்பு வருது, உடும்பு வருது, என்ற முட்டை, என்ற முட்டை" என்று கத்தினாள்.

பாறையில் இருந்த ஐம்பது தலையும் நிமிர்ந்தன. போன கோடையில் ஓடிவந்த அதே மான்கள், அதே குரங்குகள்.

இதற்கு இலக்குப் பார்வையாளர் யார் என்று தெளிவாக இல்லையே என்றது புள்ளிமான். குரல் ரொம்ப உணர்ச்சிவசப்பட்டிருக்கிறது என்றது குரங்கு. இது என் வழியாக வரவில்லை என்றது முள்ளம்பன்றி. முயலுக்கு மட்டும் திடீரென்று முகம் மலர்ந்தது. ஒன்பதாவது கேள்வி, 'பீதி பரப்பல் என்றால் என்ன? சமகால உதாரணத்துடன் விளக்குக. ஐந்து மதிப்பெண்' என்பது. முயல் காலையிலிருந்து உதாரணம் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தது. அது தலையைக் குனிந்து விறுவிறுவென்று எழுதத் தொடங்கியது. பக்கத்தில் இருந்த அணில் எட்டிப் பார்த்துப் புரிந்துகொண்டு தானும் எழுதியது. பிறகு ஐம்பது தலையும் குனிந்துவிட்டன. உதாரணத்தை எல்லாரும் நன்றாகக் கேட்டுக்கொள்ளட்டும் என்று மயில் ஐந்து நிமிடம் கூடுதலாகக் கொடுத்தார்.

பொன்னாத்தா யாரையும் திரும்பிப் பார்க்காமல் கீழே பாய்ந்தாள். சத்தம் கேட்டுக் குழந்தைசாமியும் ஈர வயிற்றோடு ஓடிவந்தான். இருவரும் மாறி மாறி நாச்சிமுத்துவின் தலையில் கொத்தினார்கள். உடும்புத் தோலுக்கு அது உறைக்கவே இல்லை. ஆனால் வேறொன்று உறைத்திருந்தது. முட்டைக்கு இரண்டு சாண் தூரத்தில் அவன் நின்றுவிட்டான்.

"பொன்னாத்தா, ஒண்ணாப் படிச்சவ நீ. நீயே என்னை வார்ப்புரு ஆக்கிட்டியே" என்றான். உண்மையிலேயே அவன் கண் கலங்கியிருந்தது. வாயிலும் எச்சில் ஊறியிருந்தது.

முட்டைக்குள் டிக் டிக் சத்தம் வேகமாகக் கேட்டது. இன்னும் கொஞ்ச நேரம், ஒரு சாயங்காலம் கிடைத்தால் போதும். பொன்னாத்தா தன் இனத்துக்குத் தெரிந்த கடைசி வேலையைச் செய்தாள். இறக்கை ஒடிந்தவள்போல ஒரு பக்கமாகச் சாய்ந்து, தரையில் இழுத்துக்கொண்டு, முட்டையை விட்டு விலகி விலகிப் போனாள். எந்த மிருகமும் அதை நம்பிப் பின்னாலே வரும்.

நாச்சிமுத்து நகரவில்லை. அவன் முகத்தில் ஒரு மலர்ச்சி வந்தது. "இது கவனத் திசைதிருப்பல். மூணாவது அலகு, பதினேழாவது சொல். அதுல நீ செய்யறது ரெண்டாவது வகை. மொத்தம் அஞ்சு வகை இருக்குது" என்றான்.

பொன்னாத்தா தரையில் கிடந்தபடியே அவனைப் பார்த்தாள். இவனுக்கு இரண்டு சாண் தூரத்தில் விருந்து இருக்கிறது, இவன் வகை எண்ணிக்கொண்டிருக்கிறான். அவளுக்குள் ஏதோ ஒன்று சட்டென்று அடங்கி நிதானமானது. எழுந்து இறகை உதறிக்கொண்டாள்.

"நாச்சிமுத்துண்ணா, கோவிச்சுக்காதீங்க. கடைசிக் கேள்வி எனக்கு வெளங்கவே இல்லீங்க. பிரதிநிதித்துவத்துக்கும் கதையாடலுக்கும் என்னங்க வித்தியாசம்?"

நாக்கு உள்ளே போனது. "ரெண்டு மார்க்குக்கா, அஞ்சு மார்க்குக்கா?"

"அஞ்சு மார்க்குங்க. உதாரணத்தோட."

நாச்சிமுத்து முட்டையைப் பார்த்தான், பொன்னாத்தாவைப் பார்த்தான். முட்டை எங்கே போய்விடும் என்று நினைத்திருப்பான். முன்னங்கால்களை மடக்கி, வாலைச் சுற்றிப் போட்டு, வசதியாக உட்கார்ந்தான். நடந்ததை ஒரு வரிசையில் கோத்துச் சொல்வது கதையாடல், அந்த வரிசையில் ஒருவரை எப்படிக் காட்டுகிறோம் என்பது பிரதிநிதித்துவம் என்று தொடங்கினான். உதாரணத்துக்குத் தன்னையே எடுத்துக்கொண்டான். உடும்பு வந்தது, முட்டை போனது என்றால் அது ஒரு கதையாடல். பசித்த ஒருவன் வெயிலில் தனியாக நடந்து வந்தான் என்றால் அது வேறொன்று.

"ரெண்டுலயும் முட்டை போயிருதுங்களே" என்றான் குழந்தைசாமி.

"நல்ல கேள்வி" என்றான் நாச்சிமுத்து. அதற்குப் பதில் சொல்ல அவனுக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது.

பாடம் நடத்துகிறவர்கள் பலரையும் போல அவனும் கண்ணை மூடிக்கொண்டுதான் நடத்தினான். முதல் முட்டை உடைந்து, ஈரத்தோடு ஒரு குஞ்சு வெளியே விழுந்தது. குழந்தைசாமி அதைத் தன் இறக்கைக்கு அடியில் இழுத்துக்கொண்டான். காய்ந்ததும் பொன்னாத்தா தாழ்ந்த குரலில் கூப்பிட்டு, பின்பக்கம் இருந்த கோரைப்புல்லுக்குள் ஓட்டிவிட்டாள். பிறகு ஓடிவந்து, இன்னொரு உதாரணம் சொல்லுங்கண்ணா என்றாள். இரண்டாவது உதாரணத்துக்கு இரண்டாவது குஞ்சு வந்தது. பாறையில் தேர்வு முடிந்து, மணி அடித்து, இலைகளைக் கட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

மூன்றாவது குஞ்சும் போன பிறகு ஒரு மோசமான நேரம் வந்தது. நாச்சிமுத்து விளக்கி முடித்துவிட்டான். பெருமூச்சு விட்டு, கண்ணைத் திறக்கப்போனான். நாலாவது முட்டை அப்படியே இருந்தது, விரிசல்கூடப் பெரிதாகவில்லை. பொன்னாத்தாவுக்குக் கேள்வி ஒன்றும் வாயில் வரவில்லை. படித்த அறுபத்துநாலு சொல்லும் ஒரேயடியாக மறந்துபோயின.

குழந்தைசாமிதான் வாயைத் திறந்தான். "நான் படிக்காதவனுங்க. மூணு மணி நேரமா கேக்கறேன், எனக்கு ஒரு எழவும் புரியலீங்க. ஊடகம்னா என்னங்க? மொதல்ல இருந்து சொல்லுங்க."

நாச்சிமுத்து திறக்கப்போன கண்ணை மறுபடியும் மூடினான். அவன் வாழ்நாளில் யாரும் அவனிடம் முதலிலிருந்து சொல்லச் சொன்னதில்லை. முதல் அலகு, முதல் சொல்லிலிருந்து தொடங்கினான். வெயில் தாழ்ந்தது. குட்டைத் தண்ணீர் மஞ்சளானது. 'முடிவாக' என்று அவன் சொன்னபோது இருவரும் பதறினார்கள், ஆனால் முடிவாக என்ற பிறகும் அரை மணி நேரம் பேசினான். அந்த அரை மணியில் நாலாவது குஞ்சு ஓட்டை உதைத்துக்கொண்டு வெளியே வந்து, தலையை ஆட்டி நாச்சிமுத்துவைப் பார்த்துவிட்டுக் கோரைப்புல்லுக்குள் ஓடியது. அது முட்டைக்குள்ளேயே உட்கார்ந்து பாடம் கேட்டுக்கொண்டிருந்தது என்று குழந்தைசாமி பிற்பாடு சொல்வான்.

கடைசியில் நாச்சிமுத்து கண்ணைத் திறந்தான். பள்ளத்தில் வெறும் ஓடுகள் கிடந்தன. அவற்றைப் பார்த்தான். பிறகு குழந்தைசாமியைப் பார்த்து, "புரிஞ்சுதா?" என்று கேட்டான்.

"இப்ப நல்லாப் புரிஞ்சுதுங்க" என்றான் குழந்தைசாமி.

நாச்சிமுத்துவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வயிறு ஒட்டிக் கிடக்க, தலையை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போனான். அன்றைக்கு அவனைப் பார்த்து எனக்கே பாவமாகத்தான் இருந்தது.

தேர்வு முடிவு மூன்றாம் நாள் வந்தது. காடே தேறிவிட்டது. ஒன்பதாவது கேள்விக்கு ஐம்பது பேரும் ஒரே உதாரணம் எழுதியிருந்தார்கள், ஐம்பது பேருக்கும் ஐந்துக்கு ஐந்து. அந்த உதாரணத்தைக் கொடுத்தவள் மட்டும் தோற்றாள். இரண்டு கேள்விகளை விட்டதற்காகவும், தேர்வுக்கூடத்தில் செய்தி சொன்னதற்காகவும் பொன்னாத்தாவுக்கு ஆயுள் தடை. முதல் மதிப்பெண் வாங்கிய நாச்சிமுத்து துணைப் பேராசிரியர் ஆனார். இனி நாமும் அவரை அவன் இவன் என்று பேசக் கூடாது.

நாலு குஞ்சும் கரையெல்லாம் ஓடித் திரிந்தன. பொன்னாத்தாவுக்குத் தொண்டை அரித்தது. பருந்தின் நிழல் விழும்போதெல்லாம் கத்த முடியாமல், ஓடி ஓடி ஒவ்வொரு பிள்ளையாக இறக்கைக்குள் அள்ளிப் போட்டாள். இளைத்துப்போனாள்.

பத்தாம் நாள் மாலை புலி வந்தது. ஆட்காட்டிக்கு வாய்ப்பூட்டு என்று கேள்விப்பட்டு, நிம்மதியாக, மறைந்துகூட நடக்காமல் வந்தது. குட்டையில் மான்கள் தலை குனிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. புலி வரும் வழியில் கூழாங்கல் நிறத்தில் நாலு குஞ்சுகள் பம்மிக் கிடந்தன. ஒரு கால் தவறி வைத்தால் போதும்.

பொன்னாத்தா கத்தவில்லை. ஆணையை அவள் எழுத்தெழுத்தாகப் படித்திருந்தாள். கத்தத் தடை உண்டு, சந்தேகம் கேட்கத் தடை இல்லை. நேராகப் புலியின் முன்னால் போய் நின்று, தலையைச் சாய்த்தாள்.

"ஏனுங்கண்ணா, உங்களைப் பத்தி இந்தக் காட்டுல இத்தனை தப்பாப் பேசறாங்களே, அது எதனாலங்க? ஒரு உதாரணத்தோட சொல்லுங்களேன்."

புலி தூக்கிய காலை அப்படியே கீழே வைத்தது. அக்கம்பக்கம் பார்த்தது. பிறகு பெரிய உடம்பை மெல்ல மடக்கி உட்கார்ந்து, "யாருமே இதை எங்கிட்டக் கேட்டதில்ல" என்றது.

மான்கள் வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு, அங்கே பேசிக்கொண்டிருப்பது யாரென்று திரும்பிக்கூடப் பார்க்காமல் வீட்டுக்குப் போயின. புலி இன்னும் சொல்லிக்கொண்டே இருக்கிறது, இப்போதுதான் தன் குட்டிப் பருவத்துக்கு வந்திருக்கிறது.

நீதி, ஐந்து மதிப்பெண்ணுக்கு: ஆபத்தைக் கண்டால் ஊரைக் கூப்பிடாதே, ஊர் குறிப்பெடுத்துக்கொள்ளும். ஆபத்தையே உட்காரவைத்து அதன் மனக்குறையைக் கேள். அது பேசி முடிப்பதற்குள் உன் பிள்ளைக்கு இறக்கை முளைத்துவிடும்.